கொல்லைத் தண்ணீருக்கு என்ன பெயர் எழுதுவது?

எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் தண்ணீர் ஏரியா, குட்டையா, சதுப்பு நிலமா? எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

அடி அண்ணாமலை கிராமத்தைத் தாண்டி மனை வாங்கி வீடு கட்டியபோது அது வெறும் பள்ளம். பத்திரத்தில் புஞ்சை என்றுதான் இருக்கிறது. முதல் மழையிலேயே நிரம்பிவிட்டது. சமையலறைக் கதவிலிருந்து ஆறு எட்டு வைத்தால் தண்ணீர். கார்த்திகையில் என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். பொங்கிய பாலை இறக்கிவைத்துத் திரும்புவதற்குள் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நட்ட கம்பி வேலி ஒரே வாரத்தில் சேற்றில் சாய்ந்தது. கரை போட்டு வேலி கட்டித் தரச் சொல்லி மனு எழுதினேன்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"தண்ணின்னா என்ன தண்ணிம்மா? ஏரின்னா வேற ஆபீஸு. குட்டைன்னா நாங்க. சாக்கடைன்னா அதுக்கு வேற மாதிரி எழுதணும்."

"நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்க சார்."

"மனு இல்லாம எப்படிம்மா வர்றது?"

படித்தவள்தானே, நானே கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது, என்ன செடி முளைக்கிறது, அடியில் மண் என்ன நிறம் என்றெல்லாம் பார்க்க வேண்டுமாம். சித்திரையில் தண்ணீர் வற்றியது, ஈரம் மட்டும் போகவில்லை. ஓரமெல்லாம் சம்புக் கோரை. அடியில் சாம்பல் மண், அதில் துருப் புள்ளிகள். மரம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் சதுப்பு நிலம் என்று எழுதினேன். மறுநாளே சந்தேகம் வந்தது. சம்பு ஏரி ஓரத்திலும் முளைக்குமே!

கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏரின்னு எழுதிக் குடுத்துட்டு வா. ஒரு தண்ணிக்குப் பேரு வைக்க இத்தனை மாசமா?"

எந்த ஆபீஸில் தருவது என்று கேட்க, எழுதி அதே எழுத்தரிடம் கொண்டுபோனேன். எழுத்தர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏரிக்கும் உங்க வீட்டுக்கும் ஆறு எட்டுதானா? அப்போ வீடு எதுல இருக்குதும்மா?"

மனுவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வந்ததும் களைக்கொத்தை எடுத்துச் சமையலறைக் கதவோரம் தோண்டினேன். ஒரு முழம் வரை மனை போட்டவர் கொட்டிய செம்மண். அதற்குக் கீழே, கொல்லைப் பள்ளத்தில் பார்த்த அதே சாம்பல் மண், அதே துருப் புள்ளிகள். வருடக்கணக்கில் தண்ணீர் தேங்கினால்தான் மண் அப்படி ஆகும் என்று படித்திருந்தேன். குழியை மூடிவிட்டேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது ஆடி. மகள் ஓடுகிறாள். ஐப்பசி மழைக்குள் வேலி வந்தாக வேண்டும். குட்டை என்று எழுதினால் அது பொய்யாகுமா? ஏரி என்று எழுதினால் வீடு என்ன ஆகும்? இப்படி ஒரு மனு எழுதிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், அந்த முதல் வரியில் என்ன எழுதினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.