பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று

மெல்பேர்னில் வேறு எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியாத ஒரு விஷயம் பத்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. துவக்குக் குழலின் உட்புறம் மழமழவென்று இருக்காது. திருகாணியின் புரி போல வளைந்து போகும் கோடுகள் அதில் வெட்டப்பட்டிருக்கும், அவைதான் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. எழுபதுகளில் அந்த நகரத்தில் தமிழ்ப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இதில் பீற்றிக்கொள்ள அதிகம் இல்லை. ஆனாலும் பீற்றிக்கொண்டேன். அந்தப் பெருமை செய்த வேலையைத்தான் சொல்ல வந்தேன்.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். கல்யாணமாகாதவர். ஓர் இயந்திரப் பட்டறையில் வரைபடம் கீறுவது அவருடைய வேலை. கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரின் தங்கை, நகரத்துக்கு வடக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில், தகப்பன் விட்டுப்போன ஆட்டுப்பண்ணையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். ஆடுகள் குட்டி போடும் காலத்தில் நரிகள் வந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயின. பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் நரியைச் சுட்டால், இலேசான குண்டைக் காற்று தள்ளிவிட்டது. பாரம் கூடிய குண்டு போட்டுப் பார்த்தார். இலக்குத் தாளில் வட்டத் துளை விழ வேண்டிய இடத்தில் முட்டை வடிவத் துளை விழுந்தது. குண்டு வழியில் புரண்டு, பக்கவாட்டில் போய்ப் பட்டிருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் மாமா முதல்முறை போனார்.

இரண்டாம் முறை புறப்பட்டபோது அம்மா என்னையும் காரில் ஏற்றிவிட்டார்.

"தனியப் போகாத. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. அவளும் ஆடு பாக்கட்டும்."

கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் சந்திக்கும் இடத்துக்கு ஒரு சின்னப்பிள்ளையைக் காவலுக்கு அனுப்புகிற வழக்கம், எங்கள் பெட்டிகளோடு சேர்ந்து கடல் கடந்து வந்திருந்தது. காவல்காரியான எனக்கு மட்டும் அது தெரியாது. நான் ஆடு பார்க்கத்தான் போனேன்.

பண்ணைக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் வீட்டுப் பழக்கத்தில் நான் "அன்ரி" என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். அவரிடம் ஒரே மாதிரி இரண்டு துவக்குகள் இருந்தன. மாமா ஒன்றை மேசையில் கிடத்தி, துடைக்கும் கம்பியின் நுனியில் துணியை இறுக்கிச் சுற்றி, கம்பியில் மையால் ஒரு புள்ளி வைத்தார். கம்பியைக் குழலுக்குள் மெல்லத் தள்ளத் தள்ள அது தானாகவே திரும்பியது. புள்ளி ஒரு சுற்று முடித்து மறுபடி மேலே வந்தபோது, கம்பி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளப்பது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் சென்டிமீற்றருக்கு மாறியிருந்தார்கள். மாமாவின் பழைய அங்குல அடிமட்டத்தை வைத்து அளந்தேன். பதினான்கு.

"பாரம் கூடினா குண்டு என்னவாகும்?" என்று மாமா கேட்டார்.

"மொத்தமாப் பருக்கும்."

"குழலின்ர அகலம் மாறாதே. அப்ப நீளமாத்தானே வேணும்? நீளமான குண்டு மூக்கு முன்னுக்கு நிக்கப் போகவேணுமெண்டா இன்னும் வேகமாச் சுத்தவேணும். பதினாலு அங்குலத்துக்கு ஒரு சுத்துக் காணாது."

சரி, எத்தனை அங்குலம்? இந்தக் கேள்விக்கு விடை காண அவர்கள் இருவருக்கும் ஒரு கோடைகாலம் முழுவதும் தேவைப்பட்டது. பன்னிரண்டு என்றால் கனமான குண்டுக்குப் போதுமோ போதாதோ. ஒன்பது என்றால் அந்தச் சுழற்சியில் மெல்லிய உலோகத் தோலுடைய இலேசான குண்டு காற்றிலேயே பிய்ந்துபோகக் கூடும். பண்ணைக் குசினியில் மேசைக்கு இரு பக்கமும் இருந்து, குண்டின் நீளத்தை அளந்து, பெருக்கி, பிரித்து, அழித்து மறுபடி எழுதினார்கள். தேநீர் ஆறிப்போகும். எங்கள் வீட்டில் ஆறிய தேநீரைக் கண்டால் முகம் சுளிக்கிற மாமா, அங்கே அதைச் சொட்டு விடாமல் குடித்தார்.

கடைசியில் பத்து என்று முடிவானது. ஏப்ரலில் புதுக்குழல் செய்து வந்து, இரண்டு துவக்கில் ஒன்றுக்குப் பொருத்தப்பட்டது. அன்று அன்ரி கனமான குண்டு ஐந்து சுட்டார். ஐந்தும் வட்டத் துளைகள், ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம். நான் தாளின் மேல் என் கொப்பியின் ஒற்றைத் தாளை வைத்து ஒவ்வொரு துளையையும் பிரதியெடுத்து, திகதி போட்டுக்கொண்டேன்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாமா தலையை ஆட்டினார். குளிரில் காற்றுத் தடிப்பாகுமாம், தடிப்பான காற்றில் குண்டு புரள இடமுண்டாம், பனி விழும் காலையில் சுட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப முடியாதாம். மே மாதமும் போனோம், ஜூனும் போனோம். பனியும் விழுந்தது. துளைகள் வட்டமாகவே இருந்தன.

ஜூலையில் ஒருநாள் நான் பிரதியெடுத்துக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து குந்தினார்.

"இதில ஒண்டை முட்டை மாதிரிக் கீறி விடன்."

"வட்டமாத்தானே கிடக்கு, மாமா!"

அவர் என் கொப்பியைப் பார்த்தார். பிறகு இலக்குப் பலகைப் பக்கமிருந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்து வந்துகொண்டிருந்த அன்ரியைப் பார்த்தார்.

"ஓம். வட்டந்தான்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த கிழமை அம்மா கேட்டார்: "உந்தத் துவக்கு வேலை எப்பதான் முடியும்?" மாமா வாயைத் திறக்குமுன் நான் ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்தேன். "அது ஏப்ரலிலயே முடிஞ்சுது அம்மா! பாருங்கோ, எல்லாம் வட்டம்!" என் பள்ளிக்கூடக் கொப்பியை ஒருநாளும் அவ்வளவு அக்கறையாகப் புரட்டாத அம்மா, ஒவ்வொரு ஒற்றையாகத் திருப்பித் திகதிகளைப் பார்த்தார். என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண்ணின் படத்தோடு வந்து அலுமாரியில் கிடந்த கடிதத்துக்கு அந்தக் கிழமையே பதில் போனது. மாமா அக்காவின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர். பண்ணைப் பயணம் நின்றது.

செப்டெம்பரில் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே மடித்த இலக்குத் தாள். ஐந்து துளை, ஐந்தும் முட்டை. கூடவே ஒரு துண்டு: "புதுக்குழலில் ஏதோ பிழை வந்துவிட்டது. மாமாவிடம் காட்டு. வந்து பார்க்கச் சொல். அன்ரி."

அடிமட்டத்தை எடுத்துத் துளைகளை அளந்தேன். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போகும் குழலில் இது நடக்கவே நடக்காது. பழைய துவக்கால் சுட்டிருக்கிறார்! மாமா அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். இந்தச் சின்ன விஷயத்துக்கு அவரை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று நானே பதில் எழுதினேன்: "அன்புள்ள அன்ரி, நீங்கள் தவறுதலாகப் பழைய துவக்கை எடுத்துவிட்டீர்கள். மற்றதால் சுடுங்கள், சரியாக வரும். மாமாவுக்கு அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் கல்யாணம்." முத்திரை ஒட்டி நானே தபாற்பெட்டியில் போட்டேன். அவர் மறுபடி எழுதவில்லை. என் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மாமி நல்லவர். மாமாவும் அவரும் இப்போது மகளோடு கிரெய்கிபர்னில் இருக்கிறார்கள். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பனிக்காலத்தில் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனால், வடக்கே போகும் வீதியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கச் சொல்வார். முகத்தில் காற்று அடிக்கும். "தடிப்பாக் கிடக்கு, என்ன?" என்பார். ஓம் என்பேன். அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. அவரிடம் காட்ட ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், ஒவ்வொரு முறையும் மடித்துக் கைப்பைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.

அன்ரி தன் இரண்டு துவக்கையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே இன்னது என்று சொல்லிவிடுவார். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் எப்படி மாறி எடுத்தார் என்று, எல்லாவற்றையும் அளந்து பார்த்த அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை.