அணில் அம்மாவின் குரல்

என் மகளுக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால் டி.வி.யில் அந்த அணில் கார்ட்டூன் படத்தின் சிடி ஓட வேண்டும். அதில் அம்மா அணிலுக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் செல்வி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் தீட்டியவள். கல்யாணமாகிச் சென்னைக்குப் போனதும் டப்பிங் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். நான் எவ்வளவு கத்தினாலும் வாயைத் திறக்காத பிள்ளை, அவள் குரல் கேட்டதும் திறப்பாள். எனக்கு வயிறு எரியும்.

மாசி மகத்துக்கு ஊருக்கு வந்த செல்வி எங்கள் வீட்டுக்கும் வந்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டு, "வாயத் தொறக்கப் போறியா, இல்ல நானே எல்லாத்தையும் தின்னுடட்டுமா?" என்று அணில் குரலில் அதட்டினாள். அதட்டும்போதே சிரித்தாள். மகள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள்.

"எங்கேருந்துடி புடிச்ச இந்தக் குரல?" என்றேன், எரிச்சலை மறைத்துக்கொண்டு.

"உங்கிட்டேருந்துதான். டப்பிங்ல, சிரிச்சிக்கிட்டே திட்டுற அம்மா வேணும்னாங்க. கம்பெனியில நான் சாப்புடலன்னா நீ இப்படித்தான திட்டுவ? அத நெனச்சிக்கிட்டுதான் பேசுனேன். உனக்குத் தெரியலியா?"

தெரியவில்லை. அவள் போன பிறகு சிடியைப் போட்டுத் தனியாகக் கேட்டேன். என் சிரிப்பேதான். மகளிடம் ஒருமுறையாவது அப்படிச் சிரித்துப் பேசியிருக்கிறேனா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

செல்வி மேல் இருந்த பொறாமை அதன்பின் குறைந்துவிட்டது. அன்று கம்பெனியில் அவளைச் சிரித்துக்கொண்டே திட்டிய அந்தப் பெண்ணை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.