என்னோடு கன்னடம் பேச ஆளில்லை

"மேடம், இனிமே டெஸ்க் இன்சார்ஜ் ஆகணும்னா கன்னடா கம்பல்சரி. மேனேஜ்மென்ட் டிசிஷன். தப்பா எடுத்துக்காதீங்க."

போன மாதம் எங்கள் மேனேஜர் சிவகுமார் என்னை அறைக்குள் கூப்பிட்டு இப்படிச் சொன்னார். சிவகுமார் மண்டியாக்காரர். வீட்டில், வெளியில், தும்மலில்கூடக் கன்னடம்தான். ஆனால் இதை என்னிடம் சொன்னது தமிழில்! அந்த நிமிஷம் எனக்கு அது உறைக்கவே இல்லை.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். திருவண்ணாமலையிலிருந்து கல்யாணமாகி பெங்களூரு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. ஜீவனஹள்ளியில் வாடகை வீடு. எங்கள் டெஸ்க்கின் இன்சார்ஜ் அம்மா அப்போது ரிட்டயர் ஆகவிருந்தார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். கேன்டீன்காரர் வரைக்கும் எல்லோரும் நினைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஊருக்கு போன் போட்டு மாமியாரிடம் சொல்லியே விட்டார்.

"வேற யாரு சார் லிஸ்ட்ல?" என்று கேட்டேன்.

"நீங்க... அப்புறம் நம்ம ஜோனாலி."

அந்த 'நம்ம'வைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். அங்கேதான் பற்றிக்கொண்டது.

ஜோனாலி என் பக்கத்து நாற்காலிக்காரி. அஸ்ஸாம் பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆனால் அவள் கன்னடம் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் பக்கத்து ஜில்லாப் பெண் என்றுதான் சொல்வீர்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அவளை 'நம்ம ஹுடுகி', அதாவது நம்ம பொண்ணு என்று கூப்பிடுகிறார். என்னை? 'தமிழ் மேடம்'! பன்னிரண்டு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவள் நான். எனக்கு வயிறு எரியாதா?

எரிந்தது. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கொட்டினேன். அவர் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறார்.

"வேலைக்கு வந்தவகிட்ட வேலைய பாருங்கடா! பாஷைய எதுக்குக் கேக்கறீங்க? நான் என்ன மேடை ஏறிப் பேசவா போறேன்?"

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "நம்ம திருவண்ணாமலை ஆஸ்பத்திரில ஒருத்தி தமிழே தெரியாம ரிசப்ஷன்ல உக்காந்திருந்தா நீ சும்மா இருப்பியா?"

"அது வேற."

"எப்படி வேற?"

தோசை கருகுது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் தோசையே இல்லை. இப்படித்தான் பல பெரிய விவாதங்கள் நம் வீடுகளில் முடிகின்றன...

சரி, கற்றுக்கொண்டுவிடலாம் என்று இறங்கினேன். எனக்கென்ன புத்தி இல்லையா? போனில் வீடியோ பார்த்து வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். பேசிப் பழக வேண்டுமே, கடைத்தெருவுக்குப் போனேன். பூக்காரம்மா தும்கூர் பக்கம். அவரிடம் "மொளத்துக்கு எஷ்டு அம்மா?" என்று ஆரம்பித்தேன்.

"உனக்கு நாப்பதுமா" என்றார், தமிழில்.

"அம்மா, என்கூட கன்னடத்துல பேசுங்கம்மா, பழகணும்."

"எதுக்குமா கஷ்டப்படற? உனக்கும் தமிழ் வருது, எனக்கும் தமிழ் வருது. அப்புறம் என்ன?"

ஆட்டோக்காரர், பால் பூத்காரர், வீட்டு ஓனர் அம்மா, எல்லோரும் இப்படித்தான். நான் வாயைத் திறந்து அரை வார்த்தை கன்னடம் பேசுவதற்குள் என் உச்சரிப்பைக் கண்டுபிடித்து, பெரிய மனதோடு தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். ஓனர் அம்மாவுக்குத் தமிழ் பேசிக் காட்டுவதில் பெருமை வேறு. பன்னிரண்டு வருஷமாக என்னிடம் பழகி அவருடைய தமிழ்தான் நன்றாகத் தேறியிருக்கிறது. என் கன்னடம் இறங்கிய இடத்திலேயே நிற்கிறது.

ஜோனாலிக்கு அந்தச் சலுகையே கிடைக்கவில்லை. இந்த ஊரில் யாருக்கு அஸ்ஸாமீஸ் தெரியும்? அவள் தங்கியிருந்த பிஜி ஹாஸ்டலில் ஹுப்பள்ளிப் பெண்கள். அவர்களுக்கு ஹிந்தி வராது, இவளுக்கு அப்போது இங்கிலீஷ் தடுமாற்றம். சோறு வேண்டுமென்றாலும் கன்னடம், சண்டை போட வேண்டுமென்றாலும் கன்னடம். முதல் ஆறு மாதம் பாத்ரூமில் போய் அழுததாக அவளே சொல்லியிருக்கிறாள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது... எனக்கு அந்த அழுகையின் மேல்கூடப் பொறாமை வந்தது.

டெஸ்ட் நாள் வந்தது. எழுத்துப் பரீட்சை எல்லாம் இல்லை. காலையில் ஓபி நேரத்தில் வழக்கம்போல டெஸ்க்கில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் கன்னடத்தில் பேச வேண்டும். சிவகுமார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்பார். அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் பெரியவர், கறுப்புக் கண்ணாடி. "பன்னி சார், கூத்கொள்ளி. ஏனு தொந்தரே?" என்றேன், தேனாக. வாங்க சார், உட்காருங்க, என்ன தொந்தரவு?

"பரவால்லமா, தமிழ்லயே சொல்லுங்க. நான் சிவாஜிநகர்ல தமிழ்க்காரங்க நடுவுல கடை வெச்சிருந்தவன்."

இரண்டாவதாக ஒரு அம்மா. என் ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, நீங்க தமிழா? எங்க பக்கத்து வீட்டுக்காரங்களும் தமிழுதான்! ரொம்ப நல்ல மாதிரி!"

அடுத்து வந்தவர் காலேஜ் வாத்தியார் மாதிரி இருந்தார். அவரும் தமிழில் ஆரம்பித்ததும் என் பொறுமை போய்விட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். "சார், உங்களுக்குப் புண்ணியமா போகும், கன்னடத்துலயே பேசுங்க சார்!"

அதையும் நான் தமிழில்தான் சொன்னேன் என்பது சிவகுமார் உதட்டைக் கடித்துக்கொண்டு சீலிங்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் ஜோனாலி வரிசையாக எல்லோரிடமும் கன்னடத்தில் பேசி, சிரித்து, அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒருத்தராவது அஸ்ஸாமீஸில் பேசக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் எல்லவ்வா வந்தார். ஏறக்குறைய என் வயது. கட்டட வேலைக்காக கதக் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். புருஷன் பெஞ்சில் ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கல் உடைக்கும்போது சில்லு தெறித்து உள்ளே போய்விட்டது. அன்று மதியம் ஆபரேஷன். எல்லவ்வா என் முன்னால் குனிந்து மடமடவென்று என்னமோ கேட்டார். வடக்குக் கன்னடம், ரயில் வேகம். 'ஆபரேஷன்' மட்டும் எனக்குப் பிடிபட்டது.

"தமிழ் பருத்தா?" என்று கேட்டேன். தமிழ் வருமா?

"இல்ல்ரீ."

பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள்! இந்த ஒருத்தருக்காகத்தானே காத்திருந்தேன்? ஆனால் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டால் பக்கத்தில் இருக்கும் சிவகுமார் என்ன நினைப்பார்? பயந்த மனுஷிக்குத் தைரியம் சொல்வோம் என்று, மனப்பாடம் செய்துவைத்திருந்ததை எடுத்துவிட்டேன். "ஹௌது, ஹௌது. ஏனூ ஆகல்ல." ஆமாம் ஆமாம், ஒன்றும் ஆகாது.

எல்லவ்வாவின் முகம் தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று போனார். நான் ஜெயித்துவிட்ட பெருமையில் ஜோனாலி பக்கம் திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது. ஜோனாலி நீளமான காரிடாரில் கேன்டீனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பு ஒன்று கழன்று நடுவிலேயே கிடந்தது.

எல்லவ்வா என்னிடம் கேட்டது இதுதான். ராத்திரியிலிருந்து புருஷன் பட்டினி, ஆபரேஷன் மதியம்தானே, அதற்குள் ரெண்டு இட்லி கொடுத்தால் பரவாயில்லையா? நான் சொன்ன பதில், ஆமாம் ஆமாம், ஒன்றும் ஆகாது.

அவருக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற ஆபரேஷன். வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இது எனக்குத் தெரியாதா? தமிழில் கேட்டிருந்தால் கத்தித் தடுத்திருப்பேன்.

நானும் பின்னாலேயே ஓடினேன். கேன்டீன் வாசலில் எல்லவ்வா இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஜோனாலி மூச்சு வாங்க விளக்கிக்கொண்டிருந்தாள். விஷயம் புரிந்ததும் எல்லவ்வா தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜோனாலி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நான் குனிந்து அந்த இட்லித் தட்டை எடுத்தேன். அப்போதும்கூட, எல்லவ்வாவின் கை என்னைப் பிடித்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. பொறாமைக்கு நேரம் காலம் தெரியாது போலிருக்கிறது.

ஆக, வேலை கொடுப்பவர்கள் இன்னொரு பாஷை தெரிய வேண்டும் என்று கேட்கலாமா? என் வீட்டுக்காரர் நாள் முழுக்க கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர். அவரிடம் கன்னடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் எதிரே ஒரு மனுஷி நின்று 'கொடுக்கலாமா?' என்று கேட்கிற நாற்காலிக்கு — கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அந்த இட்லித் தட்டைப் பார்த்த பிறகு என்னிடம் வேறு வாதம் இல்லை. ரூல் போடுகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கற்றுக்கொள் என்கிறீர்கள், சரி. என்னோடு பேசப்போவது யார்?

இன்சார்ஜ் நாற்காலி ஜோனாலிக்குப் போனது. இட்லி விஷயத்துக்காக சிவகுமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார், நியாயம்தான். கடைசியில் மனசு கேட்காமல், "ஆறு மாசத்துல இன்னொரு டெஸ்ட் வெக்கலாம் மேடம்" என்றார். "சார், இன்மேலே நன்ன ஜொதெ கன்னடதல்லே மாத்தாடி" என்று கேட்டுக்கொண்டேன். இனிமேல் என்னோடு கன்னடத்திலேயே பேசுங்கள் சார்.

"கண்டிப்பா மேடம், அப்படியே செஞ்சிடலாம்" என்றார். எந்த பாஷையில் என்று உங்களுக்கே தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, போன வாரம் செக்கப்புக்கு வந்தார்கள். எல்லவ்வா நேராக என் முன்னால் வந்து நின்றார். கோபம் இருக்குமோ என்று பயந்தேன். "ஊட்டா ஆத்தேனவ்வா?" என்று கேட்டார். சாப்பாடு ஆச்சாம்மா?

தலையை மட்டும் ஆட்டாமல், ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து, என்ன சாப்பிட்டேன் என்பது வரை கன்னடத்தில் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

மற்றபடி இப்போது என் கன்னட வாத்தியார் யார் தெரியுமா? ஜோனாலியேதான். வேறு வழி? அவளோடு பேசினால் அவளால் தமிழுக்குத் தாவ முடியாது. புது நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எரிகிறது. எரிய எரியத்தான் கற்றுக்கொள்கிறேன்.

நேற்று டீ நேரத்தில் பக்கத்தில் வந்து, "அக்கா, நனகே தமிழ் ஹேளிகொடி" என்றாள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள் அக்கா.

நான் தினமும் பழகுகிறவர்களில் என்னோடு தமிழ் பேசத் தெரியாத ஒரே ஜீவன். அவளையும் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா? "தமிழ் தும்ப கஷ்ட", ரொம்பக் கஷ்டம் என்று சொல்லிவிட்டேன்!