பாஸ்போர்ட் எடுக்கப் போனவன்

இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் மீன் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது லொரெய்னுக்கு நாற்பத்து நான்கு வயது. இருபது வருஷம் உறைந்த மீன் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கியவள், கடைத்தெருவில் இருந்த வீடியோ கேம் கடையில் கல்லாவுக்கு வந்து சேர்ந்தாள். கேம் என்றால் என்னவென்றே தெரியாது அவளுக்கு. ஆனால் ஆட்களைத் தெரியும். ஊரில் பாதிப் பேரை "கண்ணு" என்று கூப்பிடுவாள். வரிசையில் நிற்கும் பையன்களின் அப்பா அம்மா பேரைச் சொல்லி நலம் விசாரிப்பாள். அதற்காகவே அந்தக் கடைக்கு வருகிறவர்கள் இருந்தார்கள்.

இரண்டாம் வருஷம் செப்டம்பரில் அவளுக்கு ஒரு அடி விழுந்தது. கண்ணுக்கு மையிட்டு, குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட ஒரு பெண் வந்து, பதினெட்டு வயதுக்கு மேல் என்று அச்சிட்ட ஒரு கேமை வாங்கிக்கொண்டு போனாள். ஐந்து நிமிஷத்தில் நகராட்சி அதிகாரி உள்ளே நுழைந்தார். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதாம். கடைகளைச் சோதிக்க அவரே அனுப்பியிருக்கிறார்.

மேலாளர் கிரெக் எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினான். "இன்னொரு தடவைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, லொரெய்ன். இருபத்தஞ்சுக்குக் கீழ தெரிஞ்சா ஐடி கேளுங்க. உங்க சொந்த மகனா இருந்தாலும் கேளுங்க. இல்லேன்னு திருப்பி அனுப்புனா நோட்டுல எழுதிருங்க."

அதற்குப் பிறகு அவள் முகங்களைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. யார் உள்ளே வந்தாலும் முதலில் வயதைத்தான் எடை போட்டாள்.

நவம்பரில் ஒரு போர் கேம் வெளியானது, அதுவும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். காலையிலிருந்து கூட்டம். மழை வேறு. மூன்றரை மணி வாக்கில் தலை நனைந்து நேதன் வந்தான். அவன் அம்மா வெண்டி, தொழிற்சாலையில் லொரெய்னுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவள். அவன் பிறந்த வாரம் வெண்டியின் வேலையையும் சேர்த்துப் பார்த்தது லொரெய்ன்தான்.

"கடைசி ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க. எனக்குத்தான் அது," என்றான் நேதன்.

லொரெய்ன் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போதுதான் அலமாரி ஓரத்தில் டை கட்டிய ஒருவர் நிற்பதைக் கவனித்தாள். எதையும் வாங்காமல், கல்லாவையே பார்ப்பதுபோல் இருந்தது.

"ஐடி இருக்கா, கண்ணு?"

"என்னது?"

"ஐடி கார்டு. வயசு தெரியணும்."

நேதன் சிரித்துவிட்டான். "நான் பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைத் தூக்கி வெச்சிருந்தீங்களாம். அம்மா இன்னிக்கும் சொல்லும். இப்ப எங்கிட்டயே வயசு கேக்குறீங்களா?"

"ரூல்ஸ், கண்ணு. கார்டு இல்லாம குடுக்க முடியாது."

"பத்தொம்பது வயசு எனக்கு! உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை என்பதுகூடத் தெரியும். டை கட்டியவர் ஓரடி முன்னால் வந்தார்.

"தெரியாது," என்றாள் லொரெய்ன்.

"சரி, வீட்ல பாஸ்போர்ட் கெடக்கு. சைக்கிள்லதான் வந்தேன், எடுத்துட்டு வந்துடுறேன். அதை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே எடுத்து வைத்தாள். நோட்டில் எழுதினாள்: 3.35. ஆண். பத்தொன்பது என்கிறான். 'தெரிந்தவரா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டாள்.

டை கட்டியவர் மழைக்கு ஒதுங்கியவராம். மழை குறைந்ததும் போய்விட்டார்.

ஐந்தரைக்குக் கடை மூடும்வரை நேதன் வரவில்லை. மறுநாள் காலையில் கிரெக்தான் சொன்னான். ரவுண்டானாவுக்குப் பக்கத்தில், ஈரச் சாலையில், நேதனின் சைக்கிள்மேல் ஒரு வேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்.

அடக்கம் முடிந்து கிளப் அறையில் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். வெண்டி லொரெய்னின் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துப் போனாள்.

"அவன் பையில பாஸ்போர்ட் இருந்துச்சு, லொரெய்ன். கூடவே ஐம்பது பவுண்டு. ரயில்வே ஸ்டேஷன் பக்கமாத்தான் போயிருக்கான்னு போலீஸ் சொல்றாங்க. அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. வேலைக்குப் போகாம கெடக்குறியே, எங்கயாச்சும் போய்த் தொலைன்னு நான்தான் சொன்னேன்." அவள் கண்ணில் நீர் இல்லை. "போன்னு சொன்னேன். போயிட்டான்."

ஸ்டேஷனும் கடைத்தெருவும் ஒரே சாலையில்தான் இருந்தன. லொரெய்ன் வாயைத் திறந்தாள். சாண்ட்விச் தட்டோடு யாரோ வந்தார்கள். வாய் மூடிக்கொண்டது.

கிரெக்கிடம் சொன்னபோது அவன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினான். "சட்டப்படி நீங்க செஞ்சது சரி. இதை அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போவுது? விடுங்க."

விட முடியவில்லை. கடைக் கதவு திறந்தால் டிங்கென்று ஒரு மணி ஒலிக்கும். மாலை நான்கு நெருங்கும்போது அது ஒலித்தால் கை வேலையை விட்டுவிட்டுக் கதவைப் பார்ப்பாள். நனைந்த தலைகளில் எல்லாம் அவன் தலையைக் கண்டாள். பையன் ஒருவன் மேல்சட்டைக்குள் கையை விட்டால், பாஸ்போர்ட்டைத்தான் எடுக்கிறான் என்று ஒரு கணம் நினைத்துவிடுவாள். "ஐடி இருக்கா" என்று கேட்கவேண்டிய இடத்தில் கையை மட்டும் நீட்டுவாள். கல்லாவுக்குக் கீழே அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. விற்கவும் மனம் வரவில்லை, அப்புறப்படுத்தவும் மனம் வரவில்லை. யாருமில்லாத நேரத்தில் நோட்டைத் திறந்து, 'இல்லை' என்று தான் எழுதிய கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மார்ச்சில் வெண்டி கடைக்கு வந்தாள். நேதன் விளையாடிய கேம் மெஷினையும் டிஸ்க்குகளையும் விற்கக் கொண்டுவந்திருந்தாள். பழைய சாமான் விற்பவர்களும் ஐடி காட்டவேண்டும். வெண்டி கைப்பையைக் குடைந்து ஒவ்வொன்றாகக் கல்லாமேல் எடுத்து வைத்தாள். சாவி, மாத்திரை அட்டை, மழைநீரில் ஊறி உப்பிப்போன ஒரு பாஸ்போர்ட்.

"அது அவனோடது," என்றாள். "எங்க போக நெனச்சான்னு தெரியலையே. ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

லொரெய்ன் அதைத் தொடவில்லை. "இங்கதான், வெண்டி. இங்கதான் வந்துட்டிருந்தான். நான்தான் அதை எடுத்துட்டு வரச் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். டை கட்டியவரை, எச்சரிக்கைக் கடிதத்தை, தெரியாது என்று சொன்னதை. கல்லாவுக்குக் கீழே இருந்த பெட்டியை எடுத்துக் காட்டினாள்.

வெண்டி அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப அவன் என்னை விட்டுட்டுப் போகல," என்றாள்.

"இல்ல."

"நாலு மாசம். நாலு மாசமா நான் செத்துக்கிட்டிருக்கேன். உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"பயந்துட்டேன், வெண்டி."

"அன்னிக்கும் பயந்த."

பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். கொண்டுவந்த சாமானெல்லாம் கல்லாமேலேயே கிடந்தது. கிரெக் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. அந்த வாரக் கடைசியில் லொரெய்ன் வேலையை விட்டாள். ஒரு பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவப் போனாள். வெண்டி இப்போது ராத்திரியில் தூங்குகிறாள் என்று அவள் தங்கை யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது. லொரெய்னுக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வருஷம் அவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் பக்கத்து ஊரான கிளீத்தார்ப்ஸ் போகும் பஸ்ஸில் வெண்டி அவளுக்கு முன் இருக்கையில் இருந்தாள். இறங்கும் நிறுத்தம் வருவதற்குள், தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"கடையை விட்டுப் போறப்ப கோவமா போனானா?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் போனான்."

வெண்டி தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். பஸ் நகர்ந்தது. லொரெய்ன் கண்ணாடியில் நெற்றியை வைத்து, அவன் கதவைத் திறந்து போன அந்த நொடியை நினைவில் தேடினாள். அவள் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.