குறைந்துபோன கொழுப்பும் நிமிராத விரல்களும்

என் மனைவியின் வலியை நான் நம்பவில்லை. அவளுடைய கொலஸ்ட்ரால் (ரத்தத்திலுள்ள கொழுப்பு) குறைந்திருந்ததைக் காட்டியே ஓராண்டு அவள் வாயை அடைத்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லூபோக் சீனா என்ற ஊர்ப்பக்கம் எஸ்டேட் தோட்டமொன்றில் கிராணியாக (கணக்கெழுதித் தொழிலாளர்களை வேலைக்கு அனுப்பும் எழுத்தர்) இருந்து நான் ஓய்வு பெற்றபின், பாச்சாங் என்ற ஊரில் குடியிருந்தோம். என் மனைவி கமலத்துக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கொலஸ்ட்ரால் அதிகம் என்று தெரிந்ததும் தேங்காய்ப்பால், முட்டை, நெய் எதையும் வீட்டுக்குள் விடவில்லை. அடுத்த பரிசோதனையில் அளவு வெகுவாக இறங்கியிருந்தது. கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

அதே மாதங்களில்தான் அவளுடைய விரல் கணுக்கள் வீங்கின. உடம்பும் இளைத்தது.

"என்னங்க, டீ கோப்பையகூட புடிக்க முடியல. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"ரத்தம் சுத்தமா இருக்குன்னு ரிப்போர்ட்டே சொல்லுது. உனக்கென்ன நோய்?"

காய்ச்சல் இல்லாமல் வலி என்று வந்த தொழிலாளர்களையும் இப்படித்தான் வேலைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசியில், பக்கத்து ஊரான செங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் சாந்தி லீவு போட்டு அம்மாவை அழைத்துப் போனாள். நானும் ரிப்போர்ட்டோடு போனேன்.

"முடக்குவாதம், அங்கிள். மூட்டுல அழற்சி" என்றார் இளம் பெண் மருத்துவர். (உடலின் காப்புச் சக்தி தடம் மாறி, சொந்த மூட்டையே தாக்குவது முடக்குவாதம்; அதனால் மூட்டு வீங்கி வலிப்பது அழற்சி.)

"கொலஸ்ட்ரால் நல்லா கொறஞ்சிருக்கே, டாக்டர்?"

"அழற்சி கூடுனா அது இறங்கலாம். நல்ல கொழுப்பும் சேந்து இறங்கியிருக்கு, பாருங்க. இருதயத்துக்கு ஆபத்தில்லன்னு இதுக்கு அர்த்தமில்ல. வயசானவங்களுக்கு இப்படி இறங்குனா, ஏன்னு தேடணும்."

"அம்மா எத்தன தடவ சொன்னாங்க! கேட்டீங்களாப்பா?" என்றாள் சாந்தி.

மருந்து தொடங்கியதும் வீக்கம் வடிந்தது. கொலஸ்ட்ரால் ஏறியது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இறங்கினாலும் குற்றம், ஏறினாலும் குற்றமா?

"அழற்சி அடங்குது அங்கிள். இனிமேதான் உண்மையான அளவு தெரியும். அதுக்கு வேணும்னா தனியா மருந்து பாப்போம்."

வளைந்த விரல்கள் மட்டும் நிமிரவில்லை. "முன்னாடியே வந்திருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர், கமலத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உங்கள் வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்றால், தாளைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பாருங்கள்.

கமலத்திடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அத வச்சு நான் என்ன செய்ய? ரவிக்கைக்கு ஹூக்கு போட்டு விடுங்க."

அன்றிலிருந்து ஹூக்கு போடுவதும் தலை வாருவதும் என் வேலை.

"முடிய இழுக்காதீங்கலா! கிராணி வேல போயி இத்தன வருசமாச்சு, அதிகாரம் இன்னும் போகல."

இப்போது, விடியும்போது விறைத்திருக்கும் அவள் விரல்கள் இளகும்வரை எங்கள் வீட்டில் காலை தொடங்குவதில்லை. அவள் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு, வலிக்கிறதா என்று கேட்கிறேன். சில நாள் சொல்கிறாள். சில நாள் கையை இழுத்துக்கொள்கிறாள்.