கை நின்றது, காகிதம் நகர்ந்தது

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஐந்து மணி நேரம், கண் மூடவில்லை. நான் வாரப் பத்திரிகைக்குப் படம் போடுகிறவன். தீபச் சிறப்பிதழின் அட்டைக்கு மலையை வரைந்து திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சில மாதங்களாக நான் போட்ட எதுவும் உருப்படவில்லை. இதுவும் சொதப்பினால் மைத்துனரின் மருந்துக் கடையில் போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி, நாளுக்கு எண்பது ரூபாயில் அறை கிடைத்தது. பையை வீசிவிட்டுக் கிரிவலப் பாதையில் கிளம்பினேன். பதினான்கு கிலோமீட்டர். நின்ற இடத்திலெல்லாம் வரைந்தேன். எல்லாம் தீப்பெட்டிப் படமாகவே வந்தது. எந்தப் பக்கம் போனாலும் மலை அழகாக இருந்தது. அதுவே எரிச்சலைக் கிளப்பியது.

மூன்று மணிக்கு அறைக்குத் திரும்பியபோதுதான் சுவரில் இருந்த படத்தைக் கவனித்தேன். மலையின் ஒரு சரிவு மட்டும். கோடு அங்கங்கே எகிறிக் குதித்தது. குதித்த இடங்களில் பாறை பாறையாகவே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"யார் போட்டது பாய்?" என்று வீட்டுக்காரர் ஜாபரைக் கேட்டேன். வாசலிலேயே சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

"நம்ம வீட்லதாங்க. வாங்க, இப்ப படம் போட உக்கார்ற நேரந்தான்."

அவர் மனைவி ரஷீதா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். முடக்குவாதம், விரல் மடங்காது, தோள் அசையாது. ஜாபர் பிரஷ்ஷைச் சைக்கிள் டியூப் துண்டால் அவர் கையோடு கட்டி, பலகைமேல் விரித்த காகிதத்தில் வைத்தார். பிறகு அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இழுங்க. மெதுவா. போதும்," என்றார் ரஷீதா.

கை வைத்த இடத்திலேயே இருந்தது. காகிதம்தான் நகர்ந்தது. வெளியே யாரோ "பாய், பங்க்சர்" என்று கூப்பிட, ஜாபர் திரும்பினார். காகிதம் வெடுக்கென்று நகர்ந்து கோடு எகிறியது.

"கடைக்கு ஆள் வந்துட்டா இவருக்குக் கை நிக்காது," என்றார் ரஷீதா.

"இதை அழிச்சிடுவீங்களா?" என்றேன்.

"எதுக்கு சார்? விழுந்தா விழுந்துட்டுப் போவுது. மலை மட்டும் நேராவா இருக்குது?"

நானும் படம் போடுகிறவன் என்றதும், ரஷீதா ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். "சுத்தமா இருக்குது சார்," என்றார். அந்தச் 'சுத்தம்' எனக்குச் சுருக்கென்றது.

அறையில் இருப்புக் கொள்ளவில்லை. நாலரை மணி சென்னை பஸ்ஸில் கடைசி இருக்கையைப் பிடித்தேன். கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது சாலை குண்டும் குழியுமாக ஆனது. பின் கண்ணாடியில் மலை. தாளை மடியில் விரித்து, பென்சில் பிடித்த கையை ஜன்னல் கம்பியில் அழுத்தி நிறுத்தினேன். தாளை பஸ் இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "வண்டி ஆட்றப்ப போட்டா கோணலாத்தான் சார் வரும்."

"வரட்டும்," என்றேன்.

திங்கட்கிழமை அதைத்தான் கொடுத்தேன், எதையும் அழிக்காமல். அதுவே அட்டையில் வந்தது. மைத்துனர் கடைக்கு இப்போதும் போகிறேன், தலைவலி மாத்திரை வாங்க.