கதவில் சிக்கிய கமாண்டோ

போன வாரம் பெருமாள்மலை பக்கம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டது. கீழே இறங்க முடியாமல் எங்கள் கொடைக்கானல் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். வேறு யார் வந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். வந்தவர் — என் சகலை பாண்டி!

என் மனைவியின் அக்கா கணவர். மேலே கூக்கால் கிராமத்தில் பூண்டு விவசாயம். எங்கள் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தவரை யாரோ பெரிய மனிதருக்காக என் சித்தப்பா எழுப்பிவிட்டார். கையை உதறிக்கொண்டு போனவர்தான்... பல வருஷமாக என்னோடு பேச்சில்லை. நானும் லேசுப்பட்ட ரோஷக்காரனா? நடுவில் அக்காவும் தங்கையும் திருட்டுத்தனமாக போனில் பேசிக்கொண்டார்கள்.

வெளியே மழை. கேபிள் இல்லை, சிக்னல் இல்லை. சோபாவில் அவர், எதிரே நான். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது?

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, காலேஜ் நாளில் வாங்கிய துப்பாக்கி கேமைப் போட்டேன். நாம்தான் கமாண்டோ, நம் கண் வழியே சண்டை. வந்த காலத்திலேயே ஊரே காறித் துப்பிய கேம். இப்போது விளையாடினால், துப்பியவர்கள் எத்தனை நாகரிகமானவர்கள் என்று புரிகிறது!

எதிரி நம்மை விட்டுவிட்டுச் சுவரைச் சுடுகிறான். நம்மைக் காப்பாற்ற வந்த சிப்பாய் நம்மையே பள்ளத்தில் தள்ளுகிறான். உலகத்தைக் காக்கவேண்டிய கமாண்டோ, ஒரு கதவில் மாட்டிக்கொண்டு திணறுகிறார்.

"ஏங்க, அவன் செவுத்தத்தான சுடுறான்? நீங்க எதுக்குப் பம்முறீங்க?"

திரும்பினேன். சகலை!

"கதவுல மாட்டிக்கிட்டேங்க..."

"இங்குட்டுக் குடுங்க." மவுஸை வாங்கினார். அவரும் மாட்டினார். "ஏலே, வெரசா வாடா! அங்கன என்னடா சோலி ஒனக்கு?" சிப்பாய் வந்தான். தள்ளிவிட்டான். "அடப்பாவி, கூடவே இருந்துக்கிட்டு..."

சண்டைதான் என்று நினைத்துக் கரண்டியோடு ஓடிவந்தாள் என் மனைவி. பார்த்தால் இருவரும் ஒரே கட்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசிக் கட்டம். வில்லன் வந்தான். கேம் அப்படியே உறைந்து நின்றது. எத்தனை முறை போட்டாலும் அதே இடம்.

திரையைப் பார்த்தபடியே சகலை சொன்னார்: "அன்னைக்கு எந்திரிக்கச் சொன்னதுகூடப் பெருசில்லீங்க. நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க பாருங்க... அதான்."

"நானா? நான் வாசல்ல ஆளுகள வரவேத்துக்கிட்டு இருந்தேங்க. அப்புறம்தான் எனக்கே தெரியும்."

"அப்ப பந்தியில நின்னது?"

"என் தம்பியா இருக்கும். பின்னாலருந்து பார்த்தா என்னை மாதிரியேதான் இருப்பான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்... நானும்.

மறுநாள் ரோடு சரியானது. "பூண்டு எடுக்கையில வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வெள்ளனே வந்துருங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அது மட்டும் நல்ல கேமாக இருந்திருந்தால்? வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, ஆளுக்கொரு மூலையில் படுத்திருப்போம். சேர்ந்து திட்டுவதற்கு ஒன்று கிடைத்தால்தான் நமக்கெல்லாம் வாய் திறக்கிறது.

அந்த கேமைச் செய்த மகராசர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் — இரண்டாம் பாகம் மட்டும் எடுத்துவிட வேண்டாம்!